எந்த வாசல் வழியாக வந்தீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் நோரா ராபர்ட்ஸின் நாவல்களைப் பற்றி வாசகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இருநூறுக்கும் மேல் நாவல் எழுதிய ஒருவரைப் பற்றி 'வாசகர் கருத்து' என்று ஒன்று எப்படி இருக்கும்? இவருடைய வாசகர்கள் இரண்டு பேரை ஒரு அறையில் உட்கார வைத்தால், பத்து நிமிடத்தில் இருவரும் வேறு வேறு எழுத்தாளரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். எனக்கு அந்தச் சண்டைகள் ரொம்பப் பிடிக்கும், பல நேரம் புத்தகத்தைவிட அவைதான் சுவாரஸ்யம்.

அடிக்கடி காதில் விழும் குறைகள் இரண்டு. ஒன்று, "எல்லாக் கதையும் ஒரே மாதிரி இருக்கிறது." இன்னொன்று, "இப்போது முன்னே மாதிரி எழுதுவதில்லை." வேடிக்கை என்னவென்றால் இரண்டையும் ஒரே ஆள்தான் சொல்வார், அதுவும் ஒரே மூச்சில். நானே சொல்லியிருக்கிறேன்.

நோரா எழுத வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிந்ததுதான். 1979 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கடும் பனிப்புயல். வீட்டுக்குள் இரண்டு சின்னப் பையன்களோடு மாட்டிக்கொண்ட ஒரு அம்மா, பைத்தியம் பிடிக்காமல் இருக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். அப்போது காதல் நாவல் உலகத்தின் பெரிய பதிப்பகம் ஹார்லெக்வின். அங்கே அனுப்பிய கதைகள் திரும்பி வந்தன. எங்களிடம் ஏற்கெனவே ஒரு அமெரிக்க எழுத்தாளர் இருக்கிறார் என்று பதில் வந்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த அமெரிக்க எழுத்தாளர் ஜேனட் டெய்லி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். 1980இல் சில்லவெட் என்ற புதிய பதிப்பகம் வந்தது, 1981இல் நோராவின் முதல் நாவலை அதுதான் போட்டது. அதற்கப்புறம் அவர் நிறுத்தவே இல்லை.

நிறுத்தாததுதான் பிரச்சினையும். இவர் எழுதும் வேகத்துக்குப் பதிப்பகத்தால் ஈடு கொடுக்க முடியவில்லை. அதனால் 1995இல் ஜே.டி. ராப் என்ற புனைபெயரில் ஒரு துப்பறியும் தொடர் தொடங்கியது. மகன்கள் ஜேசன், டான் இருவரின் முதலெழுத்துகள்தான் அந்த ஜே, டி. நோராவும் ராபும் ஒருவரே என்பது சில வருடங்கள் பரவலாகத் தெரியாது. காதல் கதைகளை ஏளனம் செய்யும் ஆண்கள்கூட ராப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள் என்றால் அவர்கள் மேல் குற்றமில்லை, அட்டையில் காதல் நெடியே கிடையாது.

என் கணக்கு என்னவென்றால், ஒரு வாசகர் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தாரோ அந்த வாசலுக்குத்தான் கடைசிவரை விசுவாசமாக இருக்கிறார். அயர்லாந்து சகோதரிகள் கதை வழியாக வந்தவருக்கு மற்றதெல்லாம் கொஞ்சம் மட்டுதான். கொலை, துப்பாக்கி, மறைந்து வாழும் பெண் என்று சஸ்பென்ஸ் நாவல் வழியாக வந்தவர், நான்கு தோழிகள் சேர்ந்து கல்யாண ஏற்பாடு செய்யும் தொடரைக் கொடுத்தால், கேக் எப்படிச் செய்கிறார்கள், பூ எப்படி அடுக்குகிறார்கள் என்று இருபது பக்கமா என்று எரிச்சல்படுவார். அதே இருபது பக்கத்தை இன்னொருவர் ரசித்து ரசித்து இரண்டு தரம் படிப்பார். சூனியக்காரிகள், தீவு, சாபம் என்று வந்தவர்கள் தனிக் கட்சி. அவர்களோடு வாதம் செய்து நான் ஒரு தடவையும் ஜெயித்ததில்லை.

ராப் தொடரின் ஆட்களைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், இவர்கள் அளவுக்கு வெறி வேறு யாருக்கும் கிடையாது. கதை நடப்பது 2058இல் ஆரம்பித்து, நியூயார்க்கில். ஈவ் டல்லஸ் என்ற கொலைப்பிரிவு போலீஸ் அதிகாரி. ரோர்க் என்ற பெரும் பணக்காரன், முதல் புத்தகத்தில் சந்தேகப் பட்டியலில் அவன் பெயரே இருக்கிறது. ஐம்பது புத்தகங்களைத் தாண்டிவிட்ட தொடர், ஆனால் கதைக்குள் ஓடியிருப்பது மூன்று சொச்சம் வருடம்தான். பொதுவாகக் காதல் நாவல் என்றால் இருவரும் சேர்ந்ததும் திரை விழுந்துவிடும். இதில் இருவரும் சீக்கிரமே கல்யாணம் செய்துகொண்டு விடுகிறார்கள், மிச்ச அத்தனை புத்தகமும் அதற்குப் பிறகு. கொலைகாரன் யார் என்பது இந்த வாசகர்களுக்கு இரண்டாம்பட்சம், பாதிப் புத்தகத்தில் கண்டுபிடித்துவிட்டேன் என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்வார்கள். ஆனால் ஒரு பட்டனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஈவின் சாம்பல் நிறக் கோட்டிலிருந்து ஆரம்பத்தில் ஒரு பட்டன் விழுந்துவிடும். ரோர்க் அதை எடுத்து வைத்துக்கொள்கிறான், திருப்பிக் கொடுப்பதில்லை. உலகத்தில் பாதியை விலைக்கு வாங்கக்கூடிய ஒருவன் சட்டைப்பையில் ஒரு மலிவான பட்டன். அவன் கவலையில் இருக்கும்போது விரல்கள் அதைத் தேடும். புத்தகங்கள் கடந்தும் அந்தப் பட்டன் வருகிறது, வரும்போதெல்லாம் வாசகர்கள் உருகிப்போகிறார்கள். அது போதாதென்று காபி வேறு. அந்தக் காலத்தில் நிஜக் காபிக்கொட்டை சாமானியருக்குக் கிடைக்காத பொருள். ரோர்க் அவளுக்கு நகை கொடுத்தால் முகம் சுளிப்பாள், காபி கொடுத்தால் அசந்துபோவாள்.

சரி, எல்லாம் ஒரே மாதிரி என்ற குறைக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது. மூன்று சகோதரிகள், மூன்று சகோதரர்கள், நான்கு தோழிகள், ஆளுக்கு ஒரு புத்தகம், முதலில் முரட்டு ஆள், நடுவில் அமைதியான ஆள், கடைசியில் ரகசியம் உள்ள ஆள். அட்டவணை போட்டுவிடலாம். ஆனாலும் ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள்? என்னைக் கேட்டால் காதலுக்காக இல்லை. செசபீக் விரிகுடாக் கரையில் நடக்கும் க்வின் சகோதரர்கள் கதையை எடுத்துக்கொள்ளுங்கள், 1998இல் ஆரம்பித்தது. மூன்று பேரும் தத்தெடுக்கப்பட்டவர்கள், வளர்ந்து ஆளுக்கொரு வேலை. சாகக் கிடக்கும் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, செத் என்ற பத்து வயதுப் பையனை வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறார்கள். படகுப் பந்தயம் ஓட்டி ஐரோப்பாவில் சுற்றித் திரிந்த மூத்தவன் கேமரன் இப்போது வீட்டில் இருக்க வேண்டும். யார் சமைப்பது, யார் துணி துவைப்பது, மளிகை யார் வாங்குவது என்று மூன்று தடியன்களும் அடித்துக்கொள்கிறார்கள், பையன் ஓரமாக நின்று இவர்கள் தன்னை வைத்துக்கொள்வார்களா மாட்டார்களா என்று எடை போட்டுக்கொண்டிருக்கிறான். இந்தத் தொடரைப் பற்றிப் பேசும் வாசகர்களில் எத்தனை பேர் கேமரன் காதலித்த பெண்ணைப் பற்றி முதலில் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன், ரொம்பக் கொஞ்சம். எல்லோரும் அந்தப் பையன் செத்தைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள். தொடர் மூன்றோடு முடிந்த பிறகும் அவன் என்ன ஆனான் என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், 2002இல் அவன் வளர்ந்து ஓவியனானபின் நடக்கும் நான்காவது நாவல் வந்தது. அது முதல் மூன்றுக்கு உறைபோடக் காணாது என்பார்கள் பலர். என் கருத்தும் அதுதான். நாம் பார்க்க ஆசைப்பட்டது பெரியவனான செத்தை இல்லை, அந்த மூன்று பேர் நடுவில் இருந்த பத்து வயதுக்காரனை.

இன்னொரு குறை கொஞ்சம் எழுத்துத் தொழில் சம்பந்தப்பட்டது. ஒரே காட்சிக்குள், சில நேரம் ஒரே பக்கத்திலேயே, அவள் மனசுக்குள்ளிருந்து அவன் மனசுக்குள் தாவிவிடுவார். எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் இதைச் செய்யவே கூடாது என்பார்கள், கண்டிப்பான வாசகர்களுக்கும் இது உறுத்துகிறது. எனக்கு உறுத்தவில்லை. இவர் எழுத வந்த காலத்துச் சின்னக் காதல் நாவல்களில் பெரும்பாலும் பெண்ணின் மனசு மட்டும்தான் தெரியும், ஆண் ஒரு புதிர்போல முறைத்துக்கொண்டு நிற்பான். அவன் தலைக்குள்ளும் நம்மைக் கூட்டிப்போய், இவன் எவ்வளவு பயந்துபோயிருக்கிறான் பார் என்று காட்டியவர்களில் இவரும் ஒருவர். அந்தத் தாவல் இல்லாவிட்டால் பாதிச் சிரிப்பு போய்விடும்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் எழுதிய சின்ன நாவல்கள் வேறு விஷயம். அவற்றின் ஆண்கள் கையைப் பிடித்து இழுப்பதும் அதட்டுவதும் இப்போது படித்தால் சகிக்கவில்லை, இதில் நான் புகார் சொல்பவர்கள் பக்கம். இன்னொரு எரிச்சல், அந்தப் பழைய கதைகள் புது அட்டையோடு திரும்பத் திரும்ப வரும். புதுசு என்று ஆசையாக வாங்கி, பத்தாவது பக்கத்தில் 'அட, இது படித்ததாச்சே' என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள் பலர், நானும்தான். அதனால்தான் புது நாவல்களின் அட்டையில் 'என்ஆர்' என்று வட்டத்துக்குள் ஒரு முத்திரை போட ஆரம்பித்தார்கள். வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

2017இல் பெரிய ரகளை. ஒரு கொள்ளைநோய் உலகத்தில் பாதிப்பேருக்கும் மேல் கொன்றுவிட, மிச்சமிருப்பவர்களில் சிலருக்கு மாய சக்தி வருகிறது என்று ஒரு தொடரின் முதல் புத்தகம் வந்தது. காதல் எங்கே என்று வாசகர்கள் கொதித்தார்கள். அதைவிட, ஒரு முக்கியமான ஆளைப் புத்தகத்தின் முடிவில் கொன்றுவிடுகிறார், அதுதான் மன்னிக்க முடியாத குற்றம். மற்றவர்கள், அப்பாடா, கடைசியில் புதுசாக ஒன்று எழுதினாரே என்றார்கள். 2020க்குப் பிறகு அதைத் திரும்ப எடுத்தவர்கள் முதல் அத்தியாயங்களைத் தாண்ட முடியாமல் மூடி வைத்தார்கள், அதைக் குறை என்று சொல்ல மாட்டேன்.

ஜேனட் டெய்லிக்கு வருவோம். 1997இல் ஒரு வாசகி இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தார், ஒன்று நோராவுடையது, இன்னொன்று டெய்லியுடையது. வரிகள் ஒத்துப்போவதைக் கண்டுபிடித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையத்தில் போட்டுவிட்டார். டெய்லி ஒப்புக்கொண்டார். வழக்கு அடுத்த வருடம் சமரசத்தில் முடிந்தது, கிடைத்த பணத்தை நோரா எழுத்தறிவுப் பணிகளுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு இதில் பிடித்தது வழக்கு இல்லை. பதிப்பாசிரியர்கள் கண்ணில் படாதது, பொழுதுபோக்குக்குப் படிக்கிறார்கள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு வாசகி கண்ணில் பட்டது. ஏதோ காதல் கதை, மேலோட்டமாகப் புரட்டுவார்கள் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்வேன்.

மேரிலாந்தின் பூன்ஸ்பரோ ஊரில் அவருக்கு ஒரு சின்ன விடுதி இருக்கிறது. அறைகளுக்கெல்லாம் கதைகளில் வரும் காதல் ஜோடிகளின் பெயர்கள், சேர்ந்து வாழ்ந்த ஜோடிகள் மட்டும். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் எலிசபெத்-டார்சிக்கு அறை உண்டு, ஈவ்-ரோர்க்குக்கு உண்டு, ரோமியோ ஜூலியட்டுக்குக் கிடையாது. அவருடைய கணவர் புத்தக அலமாரி செய்ய வந்த தச்சர் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன், நாவலில் எழுதினால் நம்ப மாட்டோம்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். நான் கொடுப்பது 'பார்ன் இன் ஐஸ்', 1995இல் வந்தது, அயர்லாந்துத் தொடரின் இரண்டாவது. முதலாவதை விட்டு இரண்டாவதைக் கொடுப்பது முறையில்லைதான். ஆனால் முதல் புத்தகத்தின் அக்கா கண்ணாடிக் கலைஞர், உலையைவிடச் சூடான கோபக்காரி, சிலருக்கு அவளோடு ஒத்துப்போவதில்லை. தங்கை பிரியானா தன் வீட்டையே தங்கும் விடுதியாக நடத்துகிறாள், ரொட்டி சுடுகிறாள், தோட்டம் வைத்திருக்கிறாள், கோபத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கிறாள். குளிர்காலத்தில் தங்க வருகிறான் ஓர் அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியன், எந்த ஊரிலும் தங்கிப் பழகாதவன். போன மாதம் இதை ஒரு தோழிக்குக் கொடுத்தேன், காதல் கதையெல்லாம் எனக்கு ஒத்து வராது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டே வாங்கிக்கொண்டாள். நாலு நாள் கழித்து ராத்திரி பத்தரை மணிக்கு போன். கதை எப்படி என்று நான் கேட்பதற்குள், "பக்கத்து வீட்டு விவசாயி மர்ஃபி இருக்கானே, அவனுக்கு யாரைக் கட்டி வைக்கப் போறாங்க?" என்றாள்.

மூன்றாவது புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். நேயர்களே, வணக்கம்.