எடை மேடையில் ஒரு மச்சினன்

(சேலத்தில் இளம் பொறியாளர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வணிகப் பெருமக்களே, ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி நேரத்துக்கு வந்துவிட்ட காப்பித் தோட்டத்து ஐயா அவர்களே, வணக்கம். தாமதமாக வந்தது உள்ளூர்க்காரர்களான நாங்கள்தான். பொன்னாடை போர்த்திய தம்பிக்கு நன்றி. இந்த வெயிலில் அதை மடித்து வைத்துவிட்டுப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மென்பொருள் வேலையிலிருந்து மேலாண்மை ஆலோசனைக்கு, அதாவது தொழில் நடத்துகிறவர்களுக்கு யோசனை சொல்லும் வேலைக்கு, போவது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம்: எதைக் கற்பது, எதை மறப்பது, சம்பளம். சம்பளம் கடைசியில். அப்போதுதான் எழுந்து போகமாட்டீர்கள்.

தொழில்நுட்பக்காரன் ஆலோசனைக்கு வருவது புதிதல்ல. 1886-இல் பாஸ்டனில் ஆர்தர் லிட்டில் என்ற வேதியியலாளர் தொடங்கியதுதான் இத்துறையின் மூத்த நிறுவனம். மெக்கின்சி என்ற பெரிய ஆலோசனை நிறுவனத்தைக் கணக்கியல் பேராசிரியர் ஒருவர் தொடங்கியது 1926-இல். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. என் வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள், நீங்கள் புதிது.

நமக்குத் தெரிந்த பையன் ஒருவன். பெங்களூரில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவன் ஆலோசகராகி, ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ மில்லுக்கு, அதாவது மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்கிற ஆலைக்கு, வந்தான். கிழங்குக்கு விலை, அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் பாயிண்ட்டை வைத்துத்தானே? "பாயிண்ட் குறையுது, விவசாயிங்க ஏமாத்துறாங்க" என்றார் முதலாளி. பையன் உடனே லேப்டாப்பைத் திறந்து, லாரிக்கு லாரி பாயிண்ட் பதிய ஒரு ஆப் என்று படம் போட்டான். முதலாளிக்கு மகிழ்ச்சி, இரண்டாவது டீ வந்தது. அப்புறம் வெளியே வந்தால் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. டிரைவர் ஒருவரிடம் கேட்டான். "எடை போடுற சார் மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போட்டுட்டுத்தான் தம்பி வருவாரு. சில நாள் வரவே மாட்டாரு." பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும், பாயிண்ட்டும் இறங்கும்; வெயிலில் நின்றால் கேட்கவே வேண்டாம். சரி, யார் அந்த சார்? முதலாளியின் மச்சினன்!

(கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. மச்சினன்மார் பலர் வந்திருந்தார்கள் போல.)

ஆப் எழுதுவது தொழில்நுட்பம். மச்சினனைப் பற்றி முதலாளியிடம், டீ நிற்காதபடி சொல்வது ஆலோசனை. கேட்ட கேள்விக்கு விடை எழுதிப் பழகியவன், கேள்வியே சரிதானா என்று பார்க்கப் பழக வேண்டும்.

ஆனால் பையன் அதை ஆங்கிலத்தில் கனமான அறிக்கையாக எழுதிக் கொடுத்தான். முதலாளி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஏட்டுச் சுரைக்காய்! நான் ஊர் ஊராகச் சொல்வது இதைத்தான்: ஆலோசனை அறிக்கை தமிழில் வர வேண்டும். 1981-இலேயே சேகோசர்வ் என்று ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கூட்டுறவு அமைத்த ஊர் இது. கொலுசுப் பட்டறைக்காரருக்கும் தறிக்காரருக்கும் அவர் படிக்கிற மொழியில் இரண்டு பக்கம் எழுதித் தர நம்மில் ஆள் இல்லையா?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சம்பளத்தைப் பற்றி முதல்வர் அம்மா பேசுவார். வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு பட்டறைக்கு வந்து, தமிழில் எழுதித் தர முடிந்தவர்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதிவிட்டுப் போங்கள். பேனாவைத் திருப்பி வைத்துவிடுங்கள்.