போலீஸ் காரின் முன்பக்கம், பழைய ஃபோர்டு பிக்கப்பின் அடியில்!

ஓய்வு பெற்ற போலீஸ் காரின் முன் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் அமைப்பை, அப்படியே கழற்றி, ஐம்பது வருஷப் பழைய பிக்கப்பின் அடியில் மாட்டினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-100 வைத்திருக்கும் பலர் அதைத்தான் செய்கிறார்கள். இன்னொரு கூட்டம் மஸ்டாங் டூ என்ற பழைய ஃபோர்டு காரின் முன்பக்கத்தைப் போலச் செய்து விற்கும் கிட்டைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. உங்கள் வண்டிக்கு எது? வாங்க, பார்க்கலாம்.

பழைய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1964 வரை எஃப்-100-இன் முன்பக்கம் குறுக்கே ஒரே இரும்பு ஆக்ஸில், அதைத் தாங்கப் பட்டை ஸ்பிரிங். 1965-இல் ட்வின் ஐ-பீம் வந்தது: இரண்டு நீளமான பீம்கள், காயில் ஸ்பிரிங். பீம் ஏறி இறங்கும்போது சக்கரமும் கூடவே சாயும், டயரின் ஓரம் தேயும். சரி, இது போதும்.

மஸ்டாங் டூ 1974 முதல் 1978 வரை வந்த சின்ன கார். அதன் முன்பக்க அமைப்பு பின்டோ என்ற இன்னும் எளிய காரிலிருந்து வந்தது. "பின்டோவின் கால் பிக்கப்பைத் தாங்குமா?" என்று கேட்காதவர் இல்லை. தாங்கும். 1975-லேயே அந்த மஸ்டாங்கில் 302 கன அங்குல வி8 இன்ஜின் உட்கார்ந்திருந்தது. இன்றைய கிட்டில் வடிவமைப்பு மட்டும்தான் பழையது. சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேஸிஸ்) இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம், டிஸ்க் பிரேக் எல்லாம் புதிதாக, இன்னும் பலமாகச் செய்தவை. குறுகலானது என்பதால் 1950-களின் ஒல்லியான சேஸிஸுக்குப் பொருந்தும். ஆனால் வெல்டிங் உண்டு. வெல்டிங்கில் கை தேர்ந்தவர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

போலீஸ் கார் என்றது ஃபோர்டின் கிரவுன் விக்டோரியாவை. 2003 முதல் 2011 வரை வந்தது மட்டும்தான் வேண்டும். அந்த வருஷங்களில்தான் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் (பல்சக்கரம் ஒரு பல்தண்டை இடவலமாகத் தள்ளும் வகை), போல்ட் போட்டு மாட்டிய அலுமினிய கிராஸ் மெம்பர் (முன்பக்கத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இரண்டும் உண்டு. பிரேக், ஸ்டியரிங் ரேக், ஸ்பிரிங் எல்லாம் ஒரே துண்டாக இறங்கிவிடும். அகலம்தான் சிக்கல். சக்கரம் ஃபெண்டருக்குள் அடங்க, உள்ளே தள்ளி உட்காரும் ஆஃப்செட் உள்ள ரிம் வேண்டும். இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி (ஆயில் பேன்) இடிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி: பம்ப் ஸ்டீர். பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே வண்டி ஒரு பக்கம் போகும் அல்லவா, அதுதான். சக்கரம் ஏறி இறங்கும்போது கன்ட்ரோல் ஆர்ம் ஒரு வில் போடுகிறது, ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் வேறொரு வில் போடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டை ராட் சக்கரத்தைத் திருப்பிவிடும். மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் சேஸிஸில் பிணையும் இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு கோடு போடுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் ரேக்கின் முனை மூட்டு அந்தக் கோட்டிலேயே வர வேண்டும். அகலத்தைக் குறைக்கிறேன் என்று கிராஸ் மெம்பரை வெட்டி ஒட்டிவிட்டு, ரேக்கை மட்டும் பழைய நீளத்திலேயே விட்டால் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்துங்கள். ஸ்பிரிங்கை முறைப்படி கழற்றுங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். அப்புறம் ஜாக்கால் சக்கரத்தை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். சக்கரத்தின் முன் ஓரம் உள்ளேயோ வெளியேயோ திரும்புகிறதா? இந்த ஒரு காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது!

என் தேர்வு இதுதான். 1950-களின் வண்டி என்றால் மஸ்டாங் டூ. 1965 முதல் 1979 வரையுள்ள அகலமான வண்டி என்றால் கிரவுன் விக்டோரியா. நிஜமாகவே பாரம் ஏற்றுகிறீர்களா? ஐ-பீமையே வைத்துக்கொண்டு கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி), புஷ், டிஸ்க் பிரேக் மட்டும் மாற்றுங்கள். வண்டி ஆடுவதற்குத் தேய்ந்த கிங் பின்தான் காரணம் என்றால், மற்றச் செலவே தேவைப்படாது.

கிட்டுக்குப் பணம் கட்டும் முன் ஃபெண்டரின் உள் அகலத்தை டேப் வைத்து அளந்து, வண்டியின் வருஷத்தோடு கமென்ட்டில் போடுங்கள். எந்த ஆஃப்செட் ரிம் அடங்கும் என்று சேர்ந்து பார்ப்போம்.