தெம்பு எங்கே போகிறது?

எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேர் வேலை முடிந்து நேரே இங்கே வந்திருப்பதாக உங்கள் சங்கச் செயலாளர் சொன்னார். சிலர் இங்கிருந்தே இரவு ஷிப்டுக்குப் போக வேண்டுமாம். அதனால் நீட்டி முழக்காமல் என் அப்பாவிலிருந்து தொடங்கிவிடுகிறேன்.

அப்பா ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதினார். சாயங்காலம் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாய்வு நாற்காலியில் விழுவார். "உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே, மூட்டையா தூக்கினீங்க?" என்று அம்மா கேட்பார். கோபமாக இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்பார். அப்பாவிடமும் பதில் இருக்காது. "என்னவோ தெரியல, தெம்பே இல்ல" என்பார். நான் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் அவருக்கு மேலே இருந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் எந்தக் கணக்கை முதலில் முடிப்பது என்பதை அப்பாவிடமே விட்டுவிட்டார். அதே மேசை, அதே பேரேடு, அதே சம்பளம், அதே பஸ். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், சாயங்காலம் கிணற்றடியில் கத்தரிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருக்கிறார்.

பிறகு நான் உயிர்வேதியியல் படித்து, அதையே முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்தேன். அம்மா கேட்ட கேள்வி மட்டும் கூடவே வந்தது.

தெம்பு என்ற நம் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். காய்ச்சலில் படுத்து எழுந்தவரும் தெம்பு இல்லை என்கிறார், வீட்டு வாசலில் கடன்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனவரும் தெம்பு இல்லை என்கிறார். கஞ்சி குடித்தாலும் தெம்பு வரும், "நான் இருக்கேன், பார்த்துக்கலாம்" என்று ஒருவர் தோளைத் தொட்டாலும் தெம்பு வரும். உடம்பு வேறு, மனசு வேறு என்று இந்தச் சொல் பிரித்துப் பார்ப்பதில்லை. மருத்துவம் வெகுகாலம் இரண்டையும் பிரித்து இரண்டு கட்டடங்களில் வைத்திருந்தது. இப்போதுதான் சில ஆய்வகங்கள் இந்தச் சொல் நிற்கிற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

உடம்பில் தெம்பு எதனால் ஆனது? சாப்பிட்ட இட்லி அப்படியே சக்தி ஆகிவிடுவதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இழைமணி என்று படித்திருப்பீர்கள். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி அங்கேதான் போய்ச் சேர்கிறது. உணவை அதைக்கொண்டு எரித்து, ஏடிபி என்ற மூலக்கூறாக மாற்றித் தருவது அதன் வேலை. தசை சுருங்குவதற்கும் மூளை நினைப்பதற்கும் செலவாகிற சில்லறைக் காசு இந்த ஏடிபிதான். கையிருப்பு எப்போதும் மிகக் கொஞ்சம். அதையே திரும்பத் திரும்பச் செய்து செலவழிப்பதால், ஒரு நாளின் மொத்தப் புழக்கம் ஏறத்தாழ நம் உடல் எடை அளவுக்கு வந்துவிடுகிறது. மூளையின் எடை உடம்பில் 2 சதவீதம்தான், ஆனால் சும்மா இருக்கும்போதே சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது.

இந்த ஏடிபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இதை எந்த மேடையிலும் நான் சொல்லாமல் விட்டதில்லை. எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சை அங்கியைக் கதரில் தைத்துப் போட்டுக்கொண்டார். அது பேராசிரியருக்குப் பிடிக்காமல் போனது. முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், ஒரு படி தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கைக்கு வந்தது. அவர் பாஸ்டனுக்குப் போய், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து தசையில் சக்தியைச் சேமித்து வைக்கும் பாஸ்ஃபோகிரியேட்டினையும், 1929-ல் ஏடிபியையும் கண்டார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாகக் கண்டறிந்தார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. உழைப்புக்குத் தகுந்த மரியாதை கிடைக்காத ஒரு மனிதரின் பெயர், தெம்பின் மூலக்கூறோடு சேர்ந்தே நிற்கிறது.

இனி லண்டனுக்குப் போவோம். ஒயிட்ஹால் என்பது பிரிட்டிஷ் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெரு. அங்கே வேலை பார்த்த ஆண் ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். கடைநிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்தவர்களைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மேலே இருக்கிறவருக்குத்தான் டென்ஷன், அவருக்குத்தான் மாரடைப்பு என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. கீழே இருந்தவர்களும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை, எல்லோருக்கும் அரசு மருத்துவம் உண்டு. சிகரெட், கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை.

அதனால் மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளர் தலைமையில் 1985-ல் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. இந்த முறை பெண்களும் சேர்ந்து 10,308 ஊழியர்கள். என்ன செய்கிறீர்கள் என்பதோடு, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்டார்கள். அந்த உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. 2006-ல் வந்த இன்னொரு முடிவு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. வேலைப் பளு அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு, பக்கத்தில் துணை நிற்க ஆள் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்த நிலையில் 14 ஆண்டு காலத்தில் இடையிடையே கேட்டபோது மூன்று முறையோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு, வளர்சிதை மாற்றக் கோளாறு வரும் வாய்ப்பு ஒரு முறையும் அப்படி இல்லாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. தொப்பை, சர்க்கரை, பிரஷர், இரத்தக் கொழுப்பு எல்லாம் கைகோத்து வருகிறதே, அந்தக் கோளாறு. சர்க்கரை வந்த தொழிலாளியிடம் "இனிப்பைக் குறைங்க, நடங்க" என்று சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். "உங்க மேலதிகாரி உங்களை எப்படி நடத்துகிறார்?" என்று எந்த டாக்டராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

மேலதிகாரியின் ஒரு சொல் செல்லுக்குள் எப்படிப் போகிறது? கார்டிசால் என்ற ஹார்மோன் வழியாக. நெருக்கடி வந்தால் அது சுரந்து, இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, "ஓடு, சமாளி" என்று உடம்பைத் தயார் செய்கிறது. அந்தக் கார்டிசாலைத் தயாரிப்பதில் முதல் படியும் கடைசிப் படியும் நடப்பது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேதான். சக்தி செய்கிற அதே அடுப்பில்தான் பதற்றத்தின் செய்தியும் தயாராகிறது. இதை முதல் முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நெருக்கடி பத்து நிமிஷத்தில் தீர்ந்தால் நஷ்டமில்லை. தினமும் வந்தால்? நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பிக்கார்ட் என்பவரின் ஆய்வகம் இதைத்தான் பார்க்கிறது. மனிதத் தோல் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, கார்டிசாலைப் போல வேலை செய்யும் மருந்தை நாள்கணக்கில் கொடுத்தார்கள். செல்கள் செலவழித்த சக்தி ஏறத்தாழ 60 சதவீதம் கூடியது. அவை முதுமை அடைகிற வேகமும் கூடியது. தட்டில் இருந்த செல் மூட்டை தூக்கவில்லை, ஓடவில்லை. தயாராக இரு என்ற செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அம்மாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் அது. தட்டில் இருக்கும் செல் மனிதன் ஆகாது, அதை மறக்கவில்லை.

மனிதர்களிடமும் பார்த்தார்கள். 2018-ல் வெளியான ஆய்வு, சுமார் 90 தாய்மார்களைப் பற்றியது. பாதிப் பேர் ஆட்டிசம் உள்ள குழந்தையை வளர்ப்பவர்கள். சம்பளமும் வார விடுமுறையும் இல்லாத அந்த வேலையை வேலை என்று நாம் எண்ணுவதுகூட இல்லை. அவர்களின் இரத்த அணுக்களில் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்திறன் மற்ற தாய்மார்களைவிடக் குறைவாக இருந்தது. முதல் நாள் இரவு மனம் நன்றாக இருந்த பெண்களுக்கு, அடுத்த நாள் எடுத்த இரத்தத்தில் அந்தத் திறன் கூடுதலாகத் தெரிந்தது.

2021-ல் அதே ஆய்வகத்திலிருந்து நரைமுடி பற்றி ஒன்று வந்தது. 14 பேரின் முடிகளை மெல்லிய துண்டுகளாக அளந்து, எந்த வாரம் எந்த நிறம் என்று கண்டார்கள். போன வருஷத்தில் எந்த வாரம் எவ்வளவு நெருக்கடி என்று அவர்களையே தனியாகக் குறிக்கச் சொன்னார்கள். ஒருவர் விடுமுறையில் போன நாள்களில், அவர் தலையில் நரைத்திருந்த ஐந்து முடிகள் ஒரே சமயத்தில் மறுபடி கறுத்திருந்தன. முடியிலிருந்த புரதங்களில் தெரிந்த மாற்றங்களில் மைட்டோகாண்ட்ரியா சார்ந்தவையும் இருந்தன. சிறிய ஆய்வுதான். வருஷக்கணக்காக நரைத்த தலை இதனால் கறுத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அந்த ஐந்து முடி போதும்: கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் உடம்பு திரும்பி வரப் பார்க்கிறது.

இதைக் கேட்டுவிட்டு மைட்டோகாண்ட்ரியா மாத்திரை என்று எதையும் வாங்கிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைப் பிடுங்கி மன அழுத்த மேலாண்மை வகுப்பு நடத்துகிற நிர்வாகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், ஆனால் ஷிப்டை அது மாற்றாது. 2021-ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்ததன் விளைவாக, 2016 என்ற ஒரே ஆண்டில் பக்கவாதத்திலும் இதய நோயிலும் இறந்தவர்கள் 7,45,000 பேர். இத்தனை உயிரை மூச்சுப் பயிற்சியில் சரிக்கட்ட முடியாது.

மாற்ற முடிகிறவை சின்ன விஷயங்களாகத் தெரியும். 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதுதான் திருத்தம். துணிக்கடையில் நாள் முழுதும் நின்ற பெண்களுக்கு அது ஒரு நாற்காலி. நான் அதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். எப்போது உட்காருவது என்று அவர்களே முடிவு செய்யும் உரிமை. ஒயிட்ஹாலில் அளந்தது அதைத்தான்.

உங்கள் கோரிக்கைப் பட்டியலை வரும் வழியில் வாசித்தேன். சம்பளம், போனஸ், கேண்டீன் எல்லாம் இருக்கிறது. ஷிப்ட் அட்டவணை போடும்போது உங்களைக் கேட்க வேண்டும் என்ற வரி இல்லை. இன்று இரவே சேர்த்துவிடுங்கள். முன்வரிசையில் சேர்க்கலாம்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில்.