முன்னாடி மாத்திரை சாப்பிட்டீங்களா?

(மாவட்ட நூலக அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். கூட்டத்தில் காசநோய்ப் பிரிவு ஊழியர்களும் இருக்கிறீர்கள், பொதுமக்களும் இருக்கிறீர்கள். ஊழியர்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்லவேண்டி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லாரி ஓட்டுநரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். வயது நாற்பதுக்கு மேல். மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், எடை நன்றாக இறங்கியிருந்தது. "இதுக்கு முன்னாடி டிபி வந்திருக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க சார்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அட்டையில் 'புதிய நோயாளி' என்று எழுதப் போனேன். அப்போது எங்கள் ஹெல்த் விசிட்டர் வேறு மாதிரி கேட்டார்: "எப்பவாவது மாத்திரை சாப்பிட்டு ஒண்ணுக்கு சிவப்பா போயிருக்காண்ணே?" பதில் உடனே வந்தது. "ஆமாம்மா, அஞ்சு வருஷம் இருக்கும். ரெண்டரை மாசம் சாப்பிட்டேன். இருமல் நின்னுடுச்சு, வண்டி எடுத்துட்டுப் போயிட்டேன்."

காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு சிவப்பாக்கிவிடும். நோயின் பெயரை மறைக்கிறவர்கூட அந்த நிறத்தை மறப்பதில்லை. பழைய பதிவெல்லாம் நிக்ஷய் என்ற அரசுக் கணினிப் பதிவேட்டில் இருக்குமே என்பீர்கள். இருக்கும், தேடினால் கிடைக்கவேண்டுமே. இன்னொரு மாநிலத்தில், இன்னொரு போன் நம்பரில், பெயரின் எழுத்து மாறிக் கிடக்கும்.

ஒரு மாதமோ அதற்கு மேலோ காசநோய் மருந்து சாப்பிட்டவரை 'முன்பே சிகிச்சை பெற்றவர்' என்று வகைப்படுத்துகிறோம். இந்த ஒரு விவரத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

நுரையீரலில் குழி விழுந்த ஒருவருக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். அவற்றில் சுமார் 10 லட்சத்தில் ஒன்று, மருந்தைக் கண்ணால் பார்க்காமலே, ஐசோனியசிட் என்ற இன்னொரு முக்கிய காசநோய் மருந்துக்கு அடங்காததாகத் தற்செயலாகப் பிறக்கும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது சுமார் 10 கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒருசேர அடங்காதது? கோடியைக் கோடியால் பெருக்கினால் வருகிற எண்ணிக்கையில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த நெஞ்சிலும் இருக்காது. கூட்டு மருந்து கொடுப்பதன் ரகசியம் இவ்வளவுதான். ஆனால் மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ, ஒரு மருந்து ஏற்கனவே பலிக்காமல் இருந்து அது தெரியாமல் போனாலோ, அந்தக் கணக்கு உடைகிறது.

இது ஆரம்பத்திலேயே தெரிந்த சங்கதி. 1948-ல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் ஊசி மருந்து பற்றிய ஆய்வில், ஊசி போட்ட 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்த 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். அற்புதம் என்று தோன்றும். ஐந்து வருடம் கழித்து எண்ணியபோது ஊசிக் குழுவில் 32 பேர் இறந்திருந்தார்கள், ஓய்வுக் குழுவில் 35 பேர். ஒற்றை மருந்துக்குக் கிருமி பழகிவிட்டது.

இப்போது நம் நாட்டு எண்கள். மருந்துக்கு அடங்காத கிருமி எத்தனை பேருக்கு என்று பார்க்க 2014 முதல் 2016 வரை நடந்த தேசிய மருந்து எதிர்ப்பு ஆய்வில், முடிவு கிடைத்த புதிய நோயாளிகள் 3,065 பேர். ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டுக்குமே அடங்காத எம்.டி.ஆர். காசநோய் அவர்களில் 2.84 சதவீதம். முன்பே சிகிச்சை பெற்ற 1,893 பேரில் 11.60 சதவீதம். நான்கு மடங்கு. வயது, குடி, சர்க்கரை நோய் என்று என்னென்னவோ காரணிகளைச் சேர்த்து, யாருக்கு எம்.டி.ஆர். இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணிப்பு மாதிரிகள் செய்கிறார்கள். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு இருக்கிற பலம் அவற்றில் பலவற்றுக்குத் தனியாக நின்றால் இருக்காது.

"அதான் மெஷின் இருக்கே சார், சிபிநாட்டில் போட்டா ரெண்டு மணி நேரத்தில் தெரிஞ்சுடுமே, எதுக்குக் கதை கேட்கணும்?" என்று இளம் டாக்டர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சிபிநாட் என்பது சளியில் கிருமியின் மரபணுவைத் தேடி, அது ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்றும் சொல்கிற மெஷின். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உள்ள 100 பேரில் 95 பேரை மெஷின் பிடிக்கும். எதிர்ப்பு இல்லாத 100 பேரில் 2 பேரைத் தப்பாகப் பிடிக்கும். மேலே சொன்ன எம்.டி.ஆர். விகிதத்தையே இங்கே வைத்துக்கொள்வோம். புதிய நோயாளிகள் 1,000 பேரை அதில் போட்டால், எதிர்ப்பு உள்ள 28 பேரில் 27 பேர் பிடிபடுவார்கள். மீதி 972 பேரில் 19 பேரும் தப்பாக மாட்டுவார்கள். அதாவது 'எதிர்ப்பு உண்டு' என்று வந்த 46 தாளில் 19 பொய். முன்பே மருந்து சாப்பிட்ட 1,000 பேரைப் போட்டால் 110 மெய், 18 பொய். அதே மெஷின், அதே சளி, அதே தாள். ஒருவருக்கு அந்தத் தாள் கிட்டத்தட்ட தீர்ப்பு, இன்னொருவருக்கு 'இன்னொரு சளி கொடுங்க, திரும்பப் பார்ப்போம்' என்பதற்கான சீட்டு. கதை கேட்காமல் அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

ஆனால் 'முன்பே சாப்பிட்டவர்' என்பது ஒரே கூட்டம் இல்லை. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஐந்தாம் மாதத்திலும் சளியில் கிருமி தெரிகிறவர், அதாவது சிகிச்சை தோற்றவர், இவர்களில் எம்.டி.ஆர். வாய்ப்பு மிக அதிகம். முழுக் கோர்ஸ் முடித்துக் குணமாகி, பல வருடம் கழித்து மறுபடி வந்தவருக்குக் குறைவு. அவருக்கு வெளியிலிருந்து புதிதாகவே தொற்றியிருக்கலாம். பாதியில் நிறுத்திய நம் ஓட்டுநர் போன்றவர்கள் நடுவில். அப்புறம், எத்தனை முறை சாப்பிட்டார், வீட்டில் எம்.டி.ஆர். நோயாளி யாராவது உண்டா என்பவை. இவற்றைக் கேட்காமல் 'ஆம் / இல்லை' என்று ஒரு கட்டத்தில் டிக் அடிப்பது அரைக் கேள்விதான்.

இந்த வித்தியாசத்தை நாங்களே பல வருடம் கண்டுகொள்ளவில்லை. மறு சிகிச்சைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் இரண்டாம் வகை என்று ஒரே மருந்துத் திட்டம். பழைய மருந்துகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி சேர்த்து எட்டு மாதம். தோற்றுப்போன மருந்துக் கூட்டத்தில் ஒற்றை மருந்தைச் சேர்க்காதே என்று பாடம் நடத்திவிட்டு, மறுநாள் அதையே எழுதிக் கொடுத்தோம். நானும் கொடுத்திருக்கிறேன். 2017-ல்தான் அது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

சரி, அப்படியானால் பழைய நோயாளிகளுக்கு மட்டும் பரிசோதித்தால் போதுமா? போதாது. வருகிற 100 பேரில் 85 பேர் புதியவர்கள், 15 பேர் பழையவர்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆய்வின் சதவீதப்படி புதியவர்களில் இரண்டு மூன்று பேருக்கு எம்.டி.ஆர்., பழையவர்களில் இரண்டு பேருக்குச் சற்றுக் குறைவு. ஆபத்து குறைந்த பெரிய கூட்டத்திலிருந்துதான் பாதிக்கு மேல் வருகிறார்கள். எல்லோருக்கும் பரிசோதனை என்ற இன்றைய விதி அதனால்தான். கணிப்பின் வேலை யாரை விடலாம் என்று சொல்வதல்ல. யாருடைய முடிவை மறுபடி பார்க்கவேண்டும், யாருக்கு ஒரு பரிசோதனையோடு நிறுத்தக்கூடாது என்று சொல்வது.

ஓர் ஊரில் செய்த கணிப்பு மாதிரியை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோவதிலும் சங்கடம் உண்டு. பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் எடுத்த கணக்கில் புதிய நோயாளிகளிலேயே 35.3 சதவீதம் எம்.டி.ஆர்., பழையவர்களில் 76.5. அங்கே அடங்காத கிருமியே ஆளுக்கு ஆள் தாவிக்கொண்டிருந்தது. நம் நான்கு மடங்கு அங்கே இரண்டு மடங்காகச் சுருங்கிவிடுகிறது. எனவே நம் மாவட்டத்துக் கணிப்பு மதிப்பெண் பட்டியலை அங்கே எடுத்துப் போனால் செல்லாது, அவர்களுடையது இங்கே செல்லாது.

இன்னொன்று, பழைய நோயாளியின் நெஞ்சில் செத்த கிருமியின் மரபணுத் துணுக்கு குணமான பிறகும் கிடக்கும். மெஷின் அதையும் பார்த்து 'லேசாகத் தெரிகிறது' என்று சொல்லும். அப்படி வந்தால் கல்ச்சர் போட்டு, ஆறு வாரம் ஆனாலும், உயிரோடு வளர்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஓட்டுநருக்கு வருகிறேன். சிபிநாட் போன்ற இன்னொரு மெஷினான ட்ரூநாட்டில் ரிஃபாம்பிசின் வேலை செய்யும் என்று வந்தது. அவரைப் புதியவர் என்று எழுதியிருந்தால் நான் அதோடு திருப்தியாகியிருப்பேன். ஆனால் அந்தப் பரிசோதனை ஐசோனியசிட்டைப் பார்ப்பதே இல்லை. தேசிய ஆய்வில் முன்பே சிகிச்சை பெற்றவர்களில் நான்கில் ஒருவருக்கு ஐசோனியசிட் எதிர்ப்பு இருந்தது. எனவே சளியை, ஐசோனியசிட் எதிர்ப்பையும் காட்டுகிற எல்.பி.ஏ. என்ற மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வரும் வரை லேபுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தோம். ஐசோனியசிட் எதிர்ப்பு என்று வந்தது.

அதை எடுத்துவிட்டு லீவோஃப்ளாக்சசின் சேர்த்து ஆறு மாதத் திட்டம் எழுதினேன். மாத்திரைகளைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதுலயும் ஒண்ணுக்கு சிவப்பா போகுமா சார்?" என்று கேட்டார். போகும், ரிஃபாம்பிசின் இதிலும் இருக்கிறது என்றேன்.

"அப்ப சரி. நான் சாப்பிட்டேனா இல்லையான்னு இவளே கண்டுபிடிச்சுடுவா" என்று மனைவியைக் காட்டினார். அந்த அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.