சர்ப்ரைஸ் தோட்டமும் எட்டு வாளி தண்ணியும்

வணக்கம். தோட்டத்தை மாத்திக் காட்டுற டி.வி. நிகழ்ச்சிகள்ல கடைசி மூணு நிமிஷம் வருமே, அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். அம்மா கண்ணைப் பொத்திக் கூட்டிட்டு வராங்க. பியானோ மெல்ல ஆரம்பிக்குது. கையை எடுத்ததும் கேமரா நேரா அம்மா முகத்துக்குப் போகுது, செடிங்க பின்னாடி மங்கலாத் தெரியுது. உதடு துடிக்குது. "அவர் இருந்திருந்தா..."ன்னு பேச்சு பாதியில நிக்குது. பாக்கற நமக்கும் தொண்டை அடைக்குது. அந்த அழுகை நிஜம், அதைக் குறை சொல்ல மாட்டேன். நாலு மாசம் கழிச்சு அந்த அம்மா எதைப் பாத்து அழறாங்கன்னு யாரும் காட்டுறதில்ல. எனக்கு அதுதான் மனசைப் பிசையுது.

பி.பி.சி.யில 1997-ல 'கிரவுண்ட் ஃபோர்ஸ்' வந்துச்சு. ஆலன் டிட்ச்மார்ஷ், சார்லி டிம்மக், டாமி வால்ஷ் மூணு பேரும் நடத்துனாங்க. வீட்டுக்காரர் வெளியில போயிருக்கிற ரெண்டு நாளுக்குள்ள வேலையை முடிச்சாகணும். நெல்சன் மண்டேலாவுக்கே தென்னாப்பிரிக்காவுல கூனு கிராமத்துல தோட்டம் போட்டுக் கொடுத்தாங்க. அப்போ பெருசா இருந்தது ஆச்சரியம். 2011-ல ஐ.டி.வி.யில அதே டிட்ச்மார்ஷ் 'லவ் யுவர் கார்டன்' ஆரம்பிச்சாரு. அதுல போகப் போக நோய், இழப்பு, ஊருக்கு உழைச்சவங்கன்னு கதை உள்ள குடும்பங்க முன்னுக்கு வந்துட்டாங்க. அங்க இங்கிலாந்துல மழை வருஷம் பூரா பரவலா இருக்கும், வெயிலும் மிதம். அவசரமா நட்ட செடிக்கும் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும்.

நம்ம கடலூர், புதுச்சேரியில மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோட முடிஞ்சிடும். இங்க யூடியூபுக்கு சர்ப்ரைஸ் தோட்டம் போடுறவங்க அதிகமா தை மாசத்துல போடுறாங்க. நர்சரியில பெட்டூனியா, டேலியா, சாமந்தி எல்லாம் பூத்துக் குலுங்குற நேரம், படத்துல அழகா விழும். பங்குனியில அந்தச் செடிங்களுக்கு ஆயுசே முடிஞ்சிடும். அம்மாவுக்கு அது தெரியாது. "பிள்ளைங்க ஆசையாக் கொடுத்ததைக் காய விட்டுட்டேனே"ன்னு தன் மேலேயே பழியைப் போட்டுக்குவாங்க.

அதனால செடி வாங்குறதுக்கு முன்னாடி வாளிக் கணக்கு போடுங்க. 12 இஞ்ச் தொட்டிக்கு வெயில் காலத்துல ஒரு நாளைக்கு சுமார் 2 லிட்டர் வேணும். மொட்டை மாடியில 60 தொட்டி அடுக்குனா 120 லிட்டர். 15 லிட்டர் வாளியில எட்டு வாளி. முட்டி வலி உள்ளவங்க, தினமும், படி ஏறி. அதே 15 தொட்டின்னா ரெண்டே வாளி. படத்துல கொஞ்சம் காலியாத்தான் தெரியும், தெரியட்டும். கீழ 10-க்கு 10 அடி புல்தரை போட்டாலும் கோடையில தினம் 45, 50 லிட்டர் குடிக்கும்.

அடுத்தது தண்ணியோட குணம். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்துல நிறைய போர்வெல்ல உப்பு ஏறியிருக்கு. தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்குற டி.டி.எஸ். மீட்டர் வெச்சுப் பாருங்க. 500-க்குள்ள இருந்தா கவலை வேணாம். 1500 தாண்டுனா ரோஜா இலையெல்லாம் ஓரம் கருகும், தொட்டி விளிம்புல வெள்ளையாப் படியும். அங்க நித்தியகல்யாணி, காகிதப்பூ வையுங்க. இட்லிப்பூவுல இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா, தண்ணியோட காரத்தன்மையால இரும்புச்சத்து கிடைக்கலைன்னு அர்த்தம். சிலர் யூரியா போடுறாங்க, அதால தீராது.

ஷூட்டிங் அவசரத்துல நடக்குற இன்னொரு தப்பு, நர்சரி பாக்கெட்டைக் கிழிக்காம அப்படியே மண்ணுல இறக்கிடுறது. செடி ஓரத்துல ரெண்டு விரக்கடை மண்ணை விலக்கிப் பாருங்க. கறுப்பு பிளாஸ்டிக் தட்டுப்பட்டா தோண்டி எடுத்து, பிளேடால கிழிச்சு, சுத்திக்கிட்டிருக்கிற வேரை விரலால பிரிச்சு விட்டு நடணும். தொட்டிக்கு செம்மண், மணல், தொழு உரம் சம பங்கு.

இதுல எனக்கு ரொம்பக் கோவம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. முதல் நாளே ஜே.சி.பி. விட்டுக் கொல்லையை வழிச்சிடுறாங்க. அப்பா வெச்ச செம்பருத்தியும் அதோட போயிடுது. அப்புறம் அவர் நினைவான்னு புதுசா ஒரு மகிழங்கன்னை, சுவத்துல இருந்து 3 அடியில நட்டு பியானோ போடுறாங்க. மகிழம் பெரிய மரம், 10 அடியாவது தள்ளி வேணும். அந்தச் செம்பருத்தி நின்ன இடத்துலயே இருக்கட்டும். முடியாதுன்னா பென்சில் தடிமன்ல, 6 முதல் 8 இஞ்ச் நீளத்துல, மூணு நாலு கணு உள்ள குச்சி அஞ்சாறு வெட்டுங்க. கீழ் இலையை உருவிட்டு மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து நிழல்ல நட்டா, நாலஞ்சு வாரத்துல வேர் விடும். அஞ்சுல ரெண்டு போனாலும் அப்பா செடி வீட்டுல இருக்கும்.

நிழல்வலை கட்டுனா, ஐப்பசி பொறந்ததும் அவுக்கறது யாருன்னு முன்னாடியே பேசி வையுங்க. 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் ரெண்டும் இந்தக் கரையிலதான் ஏறுச்சு. காத்துக்கு வலை பாய்மரம் மாதிரி, கம்பியோட பிடுங்கிட்டுப் போகும்.

படம் எடுக்குறவங்க கிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். சித்திரையில ரெண்டாவது தடவை அந்த வீட்டுக்குப் போங்க, கேமராவோட போங்க. ஒரு கத்திரி, தொட்டிக்கு ரெண்டு கை வீதம் போட 3 கிலோ மண்புழு உரம், மாத்தி வைக்க நாலஞ்சு நித்தியகல்யாணி நாத்து எடுத்துட்டுப் போங்க. காஞ்சு போன தொட்டி எதுன்னு அம்மா வாயால சொல்ல வைக்காம, நீங்களே முதல்ல அதை எடுத்து ஓரமா வெச்சிடுங்க.