நாபோத்தின் தோட்டமும் இராயனின் நாணயமும்

(திருகோணமலையில் கிறிஸ்தவ இளைஞர்கள் சிலர் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை. எழுத்துக்காகச் சற்றுத் திருத்தியது.)

அருட்தந்தையர்களே, போதகர்களே, பெரியோர்களே, தம்பி தங்கைகளே,

நாபோத்தின் கதையைத் திருகோணமலை மாவட்டத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. விவிலியத்தில் முதலாம் இராஜாக்கள் நூல், 21ஆம் அதிகாரம். ஆகாப் ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம். ராஜாவுக்கு அதில் கீரை போட ஆசை. காசு தருகிறேன், இதைவிட நல்ல காணி தருகிறேன் என்று கேட்டுப் பார்க்கிறான். இது என் முதுசம், தரமாட்டேன் என்கிறான் நாபோத். ராஜா சாப்பிடாமல் போய்க் கட்டிலில் படுத்துவிடுகிறான். பிறகு ராணி யேசபேல் காரியத்தைக் கையில் எடுக்கிறாள். ராஜாவின் பெயரில் கடிதம், அதற்கு ராஜாவின் முத்திரை, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் விசாரணை, சட்டம் கேட்கிறபடி சாட்சிகள் இரண்டு பேர். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நாபோத் கல்லெறிபட்டுச் சாகிறான். தோட்டம் அரசனுக்குப் போகிறது.

அப்போது தீர்க்கதரிசி எலியா வந்து நிற்கிறார். முத்திரை சரியா, நடைமுறை சரியா என்று அவர் பார்க்கவில்லை. கொலை செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று கேட்கிறார். ஒரு சாதாரணக் கள்ளனிடம் எப்படிக் கேட்பாரோ, அப்படியே அரசனிடமும் கேட்கிறார்.

நான் இன்று சொல்ல வந்தது பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. லிபர்டேரியன் என்று உலகத்தில் சிலர் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். தமிழில் தனிமனித சுதந்திரவாதிகள் என்று சொல்லலாம். அவர்கள் கொள்கையின் அடி இதுதான்: ஒருவன் உடல்மீதும் உடைமைமீதும் இன்னொருவன் முதலில் கை வைக்கக் கூடாது. தனி ஆள் செய்தால் களவு என்பது அரசாங்கம் செய்தாலும் களவுதான். இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு ஒருவன் கிறிஸ்துவின் சீடனாகவும் இருக்க முடியுமா என்று இளைஞர்கள் என்னைக் கேட்டார்கள். முடியும் என்பது என் பதில். பத்துக் கட்டளையில் 'களவு செய்யாதே' என்ற இடத்தில் 'அரசன் நீங்கலாக' என்று எழுதியிருக்கவில்லை.

நம் நாட்டுக் காணிச் சட்டங்களைக் கொஞ்சம் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிர் செய்யாத நிலம் எல்லாவற்றையும் முடிக்குரியது என்றே கொள்ளச் சொன்னது. உன்னுடையது என்றால் நீதான் நிரூபிக்க வேண்டும். தலைமுறையாகச் சேனை செய்தவன் தன் மண்ணிலேயே அத்துமீறியவன் ஆகிவிட்டான். 1935இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஏழைக்குக் காணி கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் அனுமதிப்பத்திரமாகக் கொடுத்தது. விற்கவும் ஈடு வைக்கவும் உத்தரவு வேண்டும். பாட்டன் வெட்டித் திருத்திய காணிக்காகப் பேரன் இன்னும் பிரதேச செயலகத்துக்கு நடக்கிறான். அப்புறம் நம் மாவட்டத்துச் சம்பூர். 2006இல் ஷெல்லுக்குப் பயந்து ஓடிய சனம் முகாமில் இருக்கும்போதே ஊர் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. பிறகு அனல் மின்நிலையம் என்றார்கள், முதலீட்டு வலயம் என்றார்கள். 2015, 2016இல் பகுதி பகுதியாகக் காணிகள் விடுபட்டபோது, முகாமில் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டார்கள். வர்த்தமானி இருந்தது. முத்திரையும் இருந்தது.

சரி, ரோமர் 13ஆம் அதிகாரத்தை என்ன செய்வது என்று போதகர்கள் கேட்பார்கள். மேலான அதிகாரங்களுக்குக் கீழ்ப்படி என்று பவுல் எழுதியிருக்கிறாரே? எழுதியிருக்கிறார். அதே அதிகாரத்தில், அதிகாரி எதற்காக இருக்கிறான் என்றும் எழுதியிருக்கிறார்: தீமை செய்கிறவனைத் தண்டிக்க. அந்த வேலையைச் செய்கிற அதிகாரிக்கு நான் கீழ்ப்படிகிறேன், வரியும் கட்டுகிறேன். ஆனால் தீமை செய்கிறவன் அதிகாரியாகவே இருந்தால்? அதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தில் பேதுரு பதில் சொல்லிவிட்டார்: மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும். அரசன் வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது தீர்க்கதரிசி சாமுவேல் கொடுத்த எச்சரிக்கையையும் இதோடு சேர்த்து வாசியுங்கள். உன் மகனை இரதத்துக்கு எடுப்பான், மகளைச் சமையலுக்கு எடுப்பான், வயலில் நல்லதை எடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுப்பான். எடுப்பான், எடுப்பான் என்றே அந்தப் பகுதி போகிறது. பத்தில் ஒன்றையே சாமுவேல் கொடுமை என்று நினைத்திருக்கிறார்!

இனி எனக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அது நம் சொந்தச் சரித்திரம். அதைப் பேசாமல் ஒரு கிறிஸ்தவன் இந்த ஊரில் சுதந்திரம் பற்றிப் பேசக் கூடாது.

நாளைக்குக் காலையில் கோட்டை வாசலால் உள்ளே நடந்து பாருங்கள். 1620களில் போர்த்துக்கேயர் சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கல்லை எடுத்தே கோட்டை கட்டினார்கள். இடித்தவர்களின் கொடியில் சிலுவை இருந்தது. இது நம் பெயரால் நடந்தது. அதனால் என்ன ஆனது? சைவம் அழிந்ததா? கோயில் இல்லாத வெறும் பாறையிலும் மக்கள் நின்று, கடலை நோக்கிப் பூப்போட்டுக் கும்பிட்டார்கள். இன்று அங்கே கோயில் இருக்கிறது, மணி கேட்கிறது.

பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்கள் வாளைக் குறைத்து, பதிவேட்டைக் கூட்டினார்கள். உத்தியோகம் வேண்டுமா, திருமணம் பதிய வேண்டுமா, பிள்ளைக்கு முதுசம் சேர வேண்டுமா, ஞானஸ்நானம் எடு என்றார்கள். சனம் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் ஊர் ஊராகக் கிறிஸ்தவர்கள் என்று ஏட்டில் எழுதி, ஒல்லாந்துக்குக் கணக்கும் அனுப்பினார்கள். 1795இல் பிரித்தானியர் திருகோணமலையைப் பிடித்தார்கள், அடுத்த ஆண்டு கொழும்பும் விழுந்தது. கட்டாயம் தளர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்தப் பெரிய சபை கரைந்துபோனது. விபூதியை வீட்டுக்குள் ஒளித்துப் பூசியவர்கள் வெளியே வந்து பூசினார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு கையெழுத்துக்காகச் சொல்ல வைத்த விசுவாசப் பிரமாணத்துக்கு அவர்கள் ஏன் உண்மையாக இருக்க வேண்டும்?

அதே ஒல்லாந்தர் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. அவர்களுக்கு இடம் கொடுத்தவருக்குத் தண்டனை. அந்த நேரத்தில், 1687இல், கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேஷத்தில் இந்தத் தீவுக்கு வந்தார். செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். யார் அந்த மாலையைப் பார்த்து முகம் மலர்கிறார்களோ, அந்த வீட்டில் இரவில் பூசை. அவர் பின்னால் படை இல்லை, உத்தியோகம் கொடுக்க வழியில்லை, ஒருவரையும் ஒன்றுக்கும் கட்டாயப்படுத்தும் சக்தி இல்லை. 1692இல் கண்டிக்குப் போனபோது உளவாளி என்று சிறையில் போட்டார்கள். பிறகு அந்தப் பௌத்த அரசர்தான் அவரை விடுவித்து, தன் ராச்சியத்தில் போதிக்க விட்டார். கிறிஸ்தவ அரசு துரத்திய குருவுக்குப் பௌத்த அரசு இடம் கொடுத்தது! 1711இல் வாஸ் அடிகள் இறந்தபோது விட்டுப்போன சபை இன்றும் இருக்கிறது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

அரசின் பலத்தோடு கட்டிய சபை, பலம் போனதும் போனது. அரசு நசுக்கப் பார்த்த சபை நின்றது. இரண்டும் ஒரே மண்ணில், ஒரே காலத்தில் நடந்தவை. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் ரோம ஆளுநருக்கு எழுதினார்: மதத்தைக் கட்டாயப்படுத்துவது மதத்தின் வேலையே இல்லை என்று. அன்று நாம் சிறுபான்மை. நாம் பெரும்பான்மை ஆனதும் இதை மறந்தோம். 1965இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத் திரும்பச் சொல்லும்வரை எத்தனை நூற்றாண்டு போனது!

சரி, ஏழைகள்? இடதுசாரி நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. நல்ல கேள்வி. ஆதிச் சபையில் எல்லாம் பொதுவாக இருந்ததே, நீ தனிச்சொத்து என்கிறாயே? அந்த இடத்தைப் பொறுமையாக வாசியுங்கள். அனனியா காணியை விற்றுக் காசில் ஒரு பகுதியை ஒளித்தபோது பேதுரு கேட்டது என்ன? விற்கமுன் அது உன்னுடையதுதானே, விற்ற பிறகும் காசு உன் கையில்தானே இருந்தது என்று கேட்கிறார். கொடுக்காததற்காக அவனைக் குற்றம் பிடிக்கவில்லை. பொய் சொன்னதற்காகப் பிடித்தார். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதும்போதும், கட்டாயத்தால் கொடுக்காதே, மனம் உவந்து கொடு என்கிறார். நல்ல சமாரியன் தன் எண்ணெயை ஊற்றினான், தன் காசைச் சத்திரக்காரனிடம் கொடுத்தான். இன்னொருவன் பையில் கையை விட்டு எடுத்துக் கொடுத்திருந்தால் அந்தக் கதையை இயேசு சொல்லியிருக்கமாட்டார்.

2004 சுனாமி அன்று இந்தக் கரையில் முதலில் வந்தது யார்? அரசாங்கம் வருமுன்னே பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் பௌத்தர்களின் பன்சலையும் கதவைத் திறந்தன. மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் இதைப் பார்த்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 1848இல் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியதும் யாரோ மனம் உவந்து கொடுத்த காசில்தான். பின்னாளில் தமிழிலேயே படிப்பித்தார்.

இராயனின், அதாவது பேரரசனின், நாணயம் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் ஹுவான் தே மரியானா என்று ஒரு இயேசு சபைத் துறவி இருந்தார். இந்தக் கிழக்கில் நமக்குப் பள்ளிக்கூடம் நடத்திய அதே சபை. மூன்றாம் பிலிப் மன்னன் செப்பு நாணயத்தின் தரத்தைக் குறைத்துச் செலவைச் சமாளித்தபோது, 1609இல் மரியானா எழுதினார்: இது மறைமுக வரி, மக்களின் சம்மதமில்லாமல் அரசன் இதைச் செய்யக் கூடாது. முதியவர் என்றும் பார்க்காமல் அவரைப் பிடித்து அடைத்தார்கள். 2022இல் நமக்கு நடந்தது வேறென்ன? அதற்கு முந்திய ஆண்டுகளில் நோட்டை அச்சடித்துச் சமாளித்தார்கள். ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. மீன் விற்றுத் தபால் கந்தோரில் சிறுகச் சிறுகப் போட்டு வைத்த விதவையின் காசில் பாதி எங்கே போனது? யாரும் அவள் வீட்டுக்குக் கள்ளனாக வரவில்லை. அதனால் யாரும் அதைக் களவு என்று சொல்லவும் இல்லை. அதற்கு முதல் ஆண்டு ஒரே உத்தரவில் இரசாயன உரத்தை நிறுத்தி, தம்பலகாமத்து விவசாயியின் போகத்தையும் நட்டப்படுத்தியிருந்தார்கள்.

இவ்வளவு சொன்னாலும், சுதந்திரவாதிகள் சொல்வதை எல்லாம் நான் ஏற்கவில்லை. என்னுடையது என்னுடையது, யாருக்கும் நான் கடன்பட்டவனில்லை என்று அவர்களில் சிலர் சொல்வார்கள். கடவுள் மறுப்பாளரான அமெரிக்க எழுத்தாளர் அயன் ராண்ட், பிறருக்காகத் தன்னைக் கொடுப்பதையே பிழை என்றார். அங்கே நான் பிரிகிறேன். லேவியராகமம் 25இல் கடவுள் நிலம் என்னுடையது என்கிறார். நான் உக்கிராணக்காரன் மட்டுமே. வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடு, கூலியைப் பிடித்து வைக்காதே என்று அவர் என்னிடம் கேட்கிறார். அரசாங்கத்திடமிருந்து என் காணியைக் காக்கும் உரிமை எனக்கு உண்டு. கடவுள் முன்னால் அப்படி ஒரு உரிமை எனக்கு இல்லை. ஐம்பதாம் ஆண்டான யூபிலி ஆண்டில், விற்ற காணி பழைய சொந்தக்காரனுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற கட்டளை சுதந்திரவாதிக்குக் கசக்கும். கசக்கட்டும். நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசியில் ராஜா இல்லாத நாட்டில் அவனவன் தன் இஷ்டப்படி செய்ததும், அங்கே ஒரு பெண்ணைக் கூட்டமாகச் சீரழித்து அவள் செத்ததும் நமக்குத் தெரியும். அதனால் அரசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருகோணமலை வைத்தியசாலையை மூடு என்றும் சொல்லவில்லை. இலவசக் கல்வியில் படித்த பிள்ளைகள்தான் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். ஆனால் 1960, 61இல் மிஷன் பள்ளிக்கூடங்களைச் சட்டம் போட்டு எடுத்தார்களே, அதோடு, கொடுப்பது நம் வேலை என்ற எண்ணமும் நம்மிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. அதைத்தான் நான் பெரிய இழப்பு என்கிறேன்.

கடைசியாக ஒன்று. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது நாம் எல்லோரும் எதிர்த்தோம். உயர் நீதிமன்றமும் அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்றது. நல்லது. 2020இல் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்கச் சொன்னார்கள். பிறந்து 20 நாளே ஆன குழந்தையையும் எரித்தார்கள். அடுத்த ஆண்டு பெப்ரவரி வரை அது நடந்தது. அப்போது எதிர்த்துப் பேசிய கிறிஸ்தவர்கள் உண்டு, அவர்களுக்கு நன்றி. ஆனால் 2004இல் நமக்காகக் கேட்ட சத்தத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சின்னச் சத்தம். நம்முடைய சுதந்திரத்தை மட்டும் கேட்டால் அது சலுகை கேட்பது.

நான் உங்களிடம் கேட்பது இதையும் தாண்டியது. நம் சபைப் பிள்ளை ஒருவன் நாளைக்கு நம்மை விட்டு வேறு மதத்துக்குப் போகலாம். வீட்டில் அழுவோம், அவனுக்காகச் செபிப்போம், பேசிப் பார்ப்போம். ஆனால் அதற்காக அவனை யாரும் மிரட்டினால், அவன் வேலையைப் பறித்தால், பொலிசை அனுப்பினால், அவன் வீட்டு வாசலில் முதலில் போய் நிற்க வேண்டியவர் அவன் விட்டுப்போன சபையின் போதகர். அவருக்குப் பின்னால் நிற்க வேண்டியவர்கள் நீங்கள்.