வாசலோரக் கதிரையில் அமரும் ஆசிரியர்

(மல்லாவியில் நடைபெற்ற ஆசிரியர் தின ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. எழுத்தில் சில இடங்களைச் சற்று விரித்துள்ளேன்.)

இவ்வொன்றுகூடலுக்குத் தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, காலையிலிருந்து இரண்டு பாடசாலை விழாக்களை முடித்துக்கொண்டு மதிய உணவுக்கும் நேரமின்றி இங்கு வந்து அமர்ந்திருக்கும் பிரதம விருந்தினர் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, மாவட்ட வைத்தியசாலையிலிருந்து மழையையும் பொருட்படுத்தாமல் வருகை தந்திருக்கும் உளநல வைத்திய அதிகாரி அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, எனக்குக் கணக்குக் கற்பித்து இன்று எண்பது வயதைக் கடந்த நிலையிலும் முன்வரிசையில் வீற்றிருக்கும் என் ஆசான் அவர்களே, மின்சாரம் தடைப்பட்டபோது தம் வீட்டு ஜெனரேற்றரை உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்து தந்த பழைய மாணவர் சங்கச் செயலாளர் அவர்களே, என் உடன்பிறப்புகளுக்கு ஒப்பான ஆசிரியப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இலங்கையில் ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினம். நான்கு நாள் கழித்து, 10ஆம் திகதி, உலக உளநல தினம். இவ்விரண்டையும் சேர்த்துப் பேச ஒரு மேடை கிடைக்காதா என்று பல ஆண்டுகளாக ஏங்கியிருக்கிறேன். இன்று மூன்று விடயங்களைச் சொல்ல எண்ணியுள்ளேன். சபைக்கு அஞ்சும் ஆசிரியரின் நோய் எத்தகையது என்பது ஒன்று. அது நடுவயதிலும் நம் வன்னி மண்ணிலும் ஏன் கனத்துப் போகிறது என்பது இரண்டு. நமது மேற்பார்வை முறைகளை எவ்வாறு திருத்தலாம் என்பது மூன்று.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சமூகப் பதகளிப்பு என்று மருத்துவம் சொல்வதை விளக்க எனக்கு இதைவிட நல்ல வாசகம் கிடைக்கவில்லை. பிறர் நம்மை எடைபோடுகிறார்கள், நாம் ஏதோ தவறிச் சொல்லி அவமானப்படப் போகிறோம் என்ற அச்சம் ஆறு மாதத்துக்கும் மேலாக நீடித்து, தொழிலையும் உறவையும் குலைக்கும் அளவுக்கு வளரும்போது அது கூச்சம் என்ற நிலையைக் கடந்து நோயாகிறது. 1966 இல் லண்டனைச் சேர்ந்த ஐசாக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்னும் இரு மருத்துவர்கள் இதனை ஏனைய அச்சங்களிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். 1980 இல் அமெரிக்க உளமருத்துவர்களின் நோய் வகைப்பாட்டில் இது தனிப்பெயர் பெற்றது. பல நாடுகளில் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, நூற்றுக்கு நான்கு பேர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் இதற்கு ஆளாகிறார்கள் என்றது. அந்தக் கணக்கை அப்படியே இந்த மண்டபத்துக்குப் பொருத்துவது சரியாகாது. ஆனால் இங்கு ஒருவரும் இல்லை என்று எண்ணுவது அதனிலும் பெரிய பிழை.

"நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நாள் முழுவதும் பேசுகிறவருக்கு என்ன சபைக் கூச்சம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறேன். வகுப்பறையில் மதிப்பிடுகிறவர் ஆசிரியர். அதே வகுப்பின் கடைசி வாங்கில் கையில் படிவத்தோடு இரண்டு அதிகாரிகள் வந்து அமர்ந்துவிட்டால் மதிப்பிடப்படுகிறவர் ஆகிவிடுகிறார். கரும்பலகையும் பாடமும் பிள்ளைகளும் அப்படியே இருக்க, வெண்கட்டி பிடித்த கை மட்டும் நடுங்கத் தொடங்குகிறது.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். உரியவரின் சம்மதத்தோடு, பெயரும் பாடசாலையும் தவிர்த்துச் சொல்கிறேன்.

நான் பிரதி அதிபராக இருந்த பாடசாலையில் புவியியல் கற்பித்த ஒரு ரீச்சர் இருந்தார். 2017 இல் அவருக்கு நாற்பத்தேழு வயது. கையை எடுக்காமல் ஒரே கோட்டில் இலங்கைப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து முடிப்பார். பிறகு இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம், கட்டுக்கரை என்று நம் குளங்களை ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். பிள்ளைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் சொல்லிக் கத்துவார்கள். அந்தச் சத்தம் அலுவலகம் வரை கேட்கும். அதே ரீச்சர், ஆசிரியர் கூட்டமென்றால் வாசலோரக் கதிரையில்தான் அமர்வார். வரவுப் பதிவில் கையெழுத்திட எல்லோரும் எழுந்து போகும்வரை காத்திருப்பார். தேநீர் வரும் முன்பே எழுந்துவிடுவார். பிறர் பார்க்கக் கோப்பையைத் தூக்கினால் கை ஆடும் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். எந்த வெயிலிலும் கடும் நிறச் சேலை, வியர்வை தெரியாதிருக்க. அதிபர் சேவைப் பரீட்சையில் சித்தியெய்தியும் நேர்முகத்துக்குப் போகவில்லை. அதைத் திமிர் என்று ஓய்வறையில் பேசிக்கொண்டோம். நானும் பேசினேன்.

அவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவில் பரிசுபெறுவோரின் பெயர்ப் பட்டியலை அவரே வாசிக்க வேண்டுமென்று நான் எழுதிப் போட்டுவிட்டேன். அவர் இரண்டு தடவை என் மேசைவரை வந்தார். இரண்டு தடவையும் வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். விழாவன்று விருந்தினர்கள் மாலையோடு அமர்ந்துவிட்டார்கள், மங்கள விளக்கேற்றி முடிந்தது, வரவேற்பு நடனமும் முடிந்தது, ரீச்சரைக் காணவில்லை. நான் கோபத்தோடு தேடிப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியின் நிழலில், சுவரில் ஒரு கையை ஊன்றியபடி நின்றார். மறு கையில் இருந்த பட்டியல் வியர்வையில் நனைந்து, மையால் எழுதிய பெயர்கள் ஒன்றோடொன்று ஊறிப்போயிருந்தன. "சேர், வாசிக்க முடியாது, எழுத்துத் தெரியவில்லை" என்றார். எழுத்துத் தெரியாமல் போனதற்கு யார் காரணம் என்று நான் அந்த இடத்திலேயே கேட்டேன். இரண்டு மாணவர்கள் கேட்டுக்கொண்டு நிற்க, அவ்வளவு கடுமையாகக் கேட்டேன். தண்ணீர் எடுக்க வந்திருந்த தரம் 8 மாணவன் ஒருவன், "ரீச்சர், எனக்கு எல்லாற்றை பேரும் தெரியும், நான் பக்கத்தில நிக்கட்டே?" என்றான். அவர் தலையசைத்தார். அவன் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்று பெயரைக் காதுக்குள் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். எழுபத்திரண்டு பெயர்கள். ஒன்றும் பிழைக்கவில்லை. மறுநாள் அவர் மருத்துவ விடுமுறை போட்டார். அது மூன்று வாரம் நீண்டது.

மூன்று வாரத்தின் பின் நான் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். பதின்மூன்று, பதினான்கு வயதிலிருந்தே பிறர் முன் வாய் திறக்கப் பயமாம். பெரும்பாலானோருக்கு இது தொடங்குவதே அந்த வயதில்தான் என்று மருத்துவமும் சொல்கிறது. வகுப்பறைக்குள் அதை முப்பதாண்டு மறைத்து வைத்திருந்தார். 2009 இல் போரால் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த மாதங்களில், ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைத்ததாகவும், தாமே ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பதை நினைக்கவே முடியவில்லை என்றும் சொன்னார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோமே, அரள வைத்தது எது என்று நாம் கேட்டதுண்டா?

இதில் எது போரின் வடு, எது பழைய கூச்சம் என்று பிரித்துச் சொல்ல நான் தகுதியற்றவன். வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் 2010 இல் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். இடப்பெயர்வு தனியாளைத் தாக்குவதோடு நில்லாமல் ஊரின் நம்பிக்கையையும் உறவையும் சேர்த்தே உடைக்கிறது என்பது அதன் சாரம். ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த ஊர் குலைந்த பின்னர், சபை என்றால் யார் யார் இருக்கிறார்களோ என்ற தயக்கம் வருவது இயல்பே.

நடுவயது வேறு சுமைகளையும் கொண்டுவருகிறது. மூத்த ஆசிரியர் என்றால் பகுதித் தலைவர் பொறுப்பு வரும். பெற்றோர் கூட்டத்திலும் சேவைநயப்பிலும் இரங்கற் கூட்டத்திலும் பேச அவரைத்தான் அழைப்பார்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியின் முன் அமர்ந்து, பிள்ளையோடு சேர்ந்து பெற்றோரும் பார்க்கப் பாடம் நடத்த வேண்டி வந்தது. மாதவிடாய் நிற்கும் வயதில் திடீரென முகம் சூடேறி வியர்க்கும். அதை எல்லோரும் கவனித்துவிட்டார்கள் என்று அஞ்சி மேலும் வியர்க்கும் சகோதரிகள் உண்டு. தைரொயிட் மிகையாகச் சுரந்தாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஆண் ஆசிரியர் சிலர் விழாவுக்கு முன் மதுவில் துணிவு தேடுகிறார்கள். அது நோயை இரட்டிப்பாக்கும். ஆகவே முதலில் வைத்தியரைக் காண்பது அவசியம்.

வள்ளுவர் அவையஞ்சாமைக்கென்று 73ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். கற்றவர்களே சபைக்கு அஞ்சியிருக்காவிட்டால் அதற்கு அவசியம் வந்திராது. அந்தக் குறள்களை அஞ்சுகிறவர் மீது எறிவதை நாம் நிறுத்த வேண்டும்.

இது மாறக்கூடிய நோய். அந்த ரீச்சருக்கு உளவளத்துணையாளர் கொடுத்த பயிற்சி, அச்சத்தைப் படிப்படியாகச் சந்திப்பது. முதல் வாரம் ஓய்வறையில் ஒருவர் பார்க்கத் தேநீர் குடிக்க வேண்டும், கோப்பையை மேசையில் ஊன்றாமல். அடுத்து, கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அடுத்து, காலைப் பிரார்த்தனையில் ஓர் அறிவித்தல். ஒவ்வொரு தடவையும், தம் கையையும் முகத்தையும் கவனிக்காமல் எதிரில் இருப்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதிவர வேண்டும். "ஒருவர் கொட்டாவி விட்டார், ஒருவர் போன் பார்த்தார், ஒருவர் நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார்" என்று எழுதிய கொப்பியை எனக்குக் காட்டினார். இருட்டுக்குள் விளக்கோடு போய்ப் பார்த்தால், பேய் என்று நினைத்தது வெறும் பனங்கன்று என்று தெரியும். தேவைப்படுவோருக்கு மருந்தும் உண்டு. அதனை வைத்தியர் தீர்மானிப்பார்.

ஆனால் அந்த உதவியைப் பெற அவர் பட்ட பாடுதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது. ஊரில் யாரும் காணக்கூடாதென்று, இரண்டு பஸ் மாறி, தூரத்து நகரத்து வைத்தியசாலை ஒன்றுக்குப் போனார். கிளினிக் காலையில். ஒவ்வொரு தடவையும் விடுமுறை எடுத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை, இலக்கத் துண்டு கொடுக்கும் இடத்தில் இருந்தவர் அவரிடம் படிக்கும் பிள்ளையின் தாய். அன்று வைத்தியரைக் காணாமலே திரும்பிவிட்டார். பிறர் பார்வைக்கு அஞ்சும் நோய்க்கு, பிறர் பார்க்க வரிசையில் நின்றால்தான் மருந்து என்று நாம் வைத்திருக்கிறோம்.

பணிப்பாளர் அவர்களே, வைத்திய அதிகாரி அவர்களே, உங்கள் இருவரையும் ஒரே மேடையில் கண்ட இந்த நாளில் கேட்கிறேன். மாதத்தில் ஒரு பிற்பகல், பாடசாலை ஒன்றரை மணிக்கு முடிந்த பின்னர், ஆசிரியருக்கென ஓர் உளவளத்துணை அறை வேண்டும். வைத்தியசாலையின் பெயர்ப்பலகை இல்லாத இடமாக, இரண்டு வாசல் உள்ளதாக இருந்தால் நல்லது. மாணவருக்கு ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருக்கிறார். அந்த ஆசிரியருக்கு யார் இருக்கிறார்? துணுக்காய் வலயத்தில் தொடங்கினால், முல்லைத்தீவும் மடுவும் வவுனியா வடக்கும் பின்தொடரும் என்பது என் உறுதியான நம்பிக்கை. அதுவரை, 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை ஒவ்வோர் ஓய்வறையிலும் ஒட்டிவைக்குமாறு அதிபர்களை வேண்டுகிறேன்.

மூன்றாவதாகச் சொல்ல எண்ணிய மேற்பார்வை முறை பற்றிப் பணிப்பாளர் அவர்கள் அனுமதித்தால் பிறிதொரு நாள் பேசுவேன். அவர் அடுத்த நிகழ்வுக்குப் புறப்பட வேண்டும் என்று தலைவர் எனக்குத் துண்டு அனுப்பியிருக்கிறார்.

பிற்பகல் அறையைக் கோரும் விண்ணப்பம் வாசலருகில் உள்ள மேசையில் இருக்கிறது. பிறர் பார்க்கக் கையெழுத்திடுவது சிலருக்கு எவ்வளவு கடினம் என்று அறிவேன். அவர்களுக்காகத் தனித்தனித் தாள்களும் வைத்திருக்கிறேன். ஒன்றை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், நிறைவுசெய்து, வசதியான நாளில் எனக்குத் தபாலில் அனுப்புங்கள். முத்திரை ஒட்டிய உறைகளும் அந்த மேசையிலேயே உள்ளன.

நன்றி. வணக்கம்.